பொடி டப்பாவும் என் பொல்லாத வாயும்

இந்தப் பேரவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைவர் அவர்களே! என்னைப் பேச அழைத்துவிட்டு, அழைத்த நேரம் முதல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு சொல்லையும் மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டு போன அறிஞர் பெருமக்களே! நாற்காலியில் நிமிர்ந்தும், நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்தும் நிறைந்திருக்கும் சான்றோர்களே, பெரியோர்களே! பிள்ளையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டே காய்ச்சலின் அளவைச் சொல்லிவிடும் தாய்மார்களே! முன்வரிசை ஓரத்தில் அமர்ந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கண்ணாலேயே "சுருக்கமா" என்று கட்டளையிட்டுவிட்ட என் துணைவியார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பும் பணிவும் கலந்த வணக்கம்!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "ஒளியால் அளப்போம்" என்பது. பேசச் சொன்னது வேதியியல். ஆனால் நான் பேசப்போவது என் வாயைப் பற்றி. ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். என் வியாதியே அதுதான்.

நான் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சத்துமாவு, சத்து மாத்திரை, சத்துப்பொடி என்று, உடம்பைத் தேற்றுவதாகச் சொல்லி டப்பாவில் அடைத்து விற்பது எதுவானாலும் எங்கள் மேசைக்கு வரும். டப்பாவின் மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? மேலே எழுதாதது ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

புரதம் புரதம் என்கிறோமே, அதைப் பிரித்துப் பார்த்தால் அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றுக்குப் பெயர் ஃபீனைல் அலனின். பெயரைக் கேட்டு யாரும் எழுந்துபோக வேண்டாம், இன்றைக்கு வாயில் நுழையாத பெயர் இது ஒன்றுதான்! உங்களுக்கும் எனக்கும் அது வேண்டிய பொருள். தின்றதில் மிஞ்சினால் உடம்பே அதைப் பக்குவம் செய்துவிடும். ஆனால் எங்கோ ஒரு பிள்ளை, அப்படிப் பக்குவம் செய்யும் ஆற்றல் இல்லாமலே பிறந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியது இரத்தத்தில் தேங்கும். தேங்கினால் மூளையைக் கெடுக்கும். பால் கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூடாது. அதற்காகப் புரதமே இல்லாமல் ஒரு பிள்ளை வளருமா? வளராது. அதனால் ஃபீனைல் அலனினை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற அமினோ அமிலங்களையெல்லாம் சேர்த்து ஒரு பொடி செய்கிறார்கள். அந்தப் பொடிதான் அந்தப் பிள்ளைக்குப் பால், அந்தப் பொடிதான் அதற்குப் பருப்பு, அந்தப் பொடிதான் அதற்கு உயிர்!

சரி, விலக்கிவிட்டோம் என்று டப்பாக்காரர் சொன்னால் போதுமா? கடுகளவில் கோடியில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் ஒளி வருகிறது! பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு நொதியை விடுவோம். அந்த நொதி ஃபீனைல் அலனினை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் பெராக்சைடு பிறக்கும். அது லுமினால் என்ற மருந்தோடு சேர்ந்தால் நீலமாக ஒளி பிறக்கும். நெருப்பு இல்லை, சூடு இல்லை, சுவிட்சும் இல்லை! வேதிவினை ஒன்றே விளக்காகிறது. கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியை இருட்டறையில் ஒரு கருவி எண்ணிச் சொல்லும். ஒளி எவ்வளவோ, ஒளிந்திருந்தது அவ்வளவு.

இதில் எனக்கு ஒரு சங்கடம். ஏறிய மேடையெல்லாம் "இருளை விரட்டுவோம், ஒளியை ஏற்றுவோம்" என்று முழங்கிக் கைதட்டு வாங்கியவன் நான். எங்கள் கூடத்திலோ எல்லாம் தலைகீழ். அந்தப் பொடியில் ஒளி வந்தால் கெட்ட சேதி. இருட்டாக இருந்தால் நல்ல சேதி. இருட்டைக் கண்டு இனிப்பு வாங்கிக் கொடுக்கும் கூட்டத்தை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த இருட்டறைக்கு அரசி என் துணைவியார். வெளிச்சமாக இருக்கும் வெளியறைக்கு நான். பொடியை நிறுத்து, குடுவையில் போட்டு, கரைத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. அளந்து சொல்ல வேண்டியது அவர் வேலை. நான் கரைப்பேன், கரைக்கும்போது பேசுவேன். குடுவையைக் குலுக்கியபடியே குவலயத்தின் குறைகளைக் குமுறுவேன். முகக்கவசம் உண்டு. எங்கே? கழுத்தில்! வாயில் இருந்தால் சொற்பொழிவு தெளிவாகக் கேட்காது பாருங்கள். என்ன ஐயா, பின்வரிசையில் சிரிக்கிறீர்கள்? நீங்கள் எங்கள் கூடத்தில் வேலை பார்த்தவரா?

இப்படி நான் நாவலராக நாளைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். கையில் ஒரு பொடி டப்பா. நான் சொன்னேனே, அந்த நோயோடு பிறந்த பிள்ளை, அவருடைய மகள். பள்ளிக்கூடம் போகும் சிறுமி.

"சார், டாக்டர் சொல்றபடிதான் எல்லாம் பண்றேன். சோத்தைக்கூடத் தராசுல வச்சுத்தான் போடறேன். இருந்தும் ரத்தத்துல ஏறிக்கிட்டே போகுது. எங்கேயோ இருந்து உள்ள வருதுங்கறாரு டாக்டர். பொடியிலேயே இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா எங்க அண்ணன்..."

"அம்மா!" என்று நான் கையை உயர்த்தினேன். அவர் தொடங்கிய வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வணிகத்தின் வஞ்சகம் பற்றி ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டப்பாவை வைத்துவிட்டுப் போனார். அண்ணன் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நேரமேது?

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். எந்தப் பொருளானாலும் வெவ்வேறு நாளில் மும்முறை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. முதல் நாள் கரைத்துக் கொடுத்தேன். உள்ளே ஒளி வந்தது! இரண்டாம் நாளும் கரைத்துக் கொடுத்தேன். இன்னும் கூடுதலாக வந்தது! இருட்டறையில் என் துணைவியாரே ஊற்றிப் பக்கத்தில் வைத்த வெறும் தண்ணீர் இருட்டாகவே இருந்தது. அதாவது கருவியில் கோளாறு இல்லை, பொடியில்தான் கோளாறு. எனக்கோ தலைகால் புரியவில்லை. "பச்சைப் பிள்ளையின் பாலில் பழுது!" என்று தொடங்கி ஒரு கண்டன உரையையே மனத்தில் கட்டிவிட்டேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று கையசைத்தும் பார்த்தேன். கத்திக் கத்தி ஒத்திகை பார்த்ததில், மூன்றாம் நாள் காலை எழுந்தால், தொண்டை அடைத்துவிட்டது. சுத்தமாக அடைத்துவிட்டது! வாயைத் திறந்தால் காற்று வருகிறது, சொல் வரவில்லை. என் வீட்டில் அன்று நிலவிய அமைதியைப் பற்றி என் துணைவியார் இன்றுவரை உறவினர்களிடம் உருகி உருகிச் சொல்கிறார்.

அன்றைக்கும் கரைத்துக் கொடுத்தேன், ஊமையாக. அவர் உள்ளே எடுத்துப் போனார். அந்த நேரம் பார்த்துத் தையல்கார அம்மா வந்துவிட்டார், மகளையும் கூட்டிக்கொண்டு. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சார், இன்னைக்குக் காலையில பொடி குடுக்கல. கலக்கி அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன். விஷத்தக் குடுக்கறோமோன்னு பயம். குடுக்கலாமா, நிறுத்திடலாமா? நீங்க சொல்ற ஒரு வார்த்தைதான்."

ஒரு வார்த்தை! வாழ்நாளெல்லாம் கோடி வார்த்தைகளைக் கொட்டியவனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார். "நிறுத்துங்கள்" என்ற அந்த வார்த்தை என் நாக்கின் நுனியில் நிற்கிறது. வாயைத் திறக்கிறேன். "ஹ்ஹ்ஹ" என்கிறது. கையால் டப்பாவைக் காட்டி, வேண்டாம் என்று வீசிக் காட்டுகிறேன். சிறுமி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த சாருக்கு மூச்சு முட்டுதும்மா. முதுகுல தட்டு" என்றாள். அந்த அம்மா பதறிப்போய் என் முதுகில் தட்டவும் தட்டினார்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பொடியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியுமா? புரதம் கிடைக்காத உடம்பு தன் தசையையே அரித்துத் தின்னத் தொடங்கும். அந்தத் தசையிலிருந்து வருவதும் அதே ஃபீனைல் அலனின்தான். எதற்குப் பயந்து நிறுத்தினோமோ அதுவே உள்ளிருந்து ஊறிப் பெருகும். அந்த ஒரு வார்த்தை என் தொண்டையைத் தாண்டியிருந்தால், தாய்மார்களே, என்ன நடந்திருக்கும்!

அந்த நேரத்தில் இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு என் துணைவியார் வந்தார்.

"ஏங்க, இன்னைக்கு ஒண்ணுமே வரலைங்க. கரைசல் அப்படியே இருட்டா இருக்கு. அதே பொடி, அதே தண்ணி, அதே குடுவை. என்ன மாத்துனீங்க?"

எதையும் மாற்றவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய முகக்கவசத்தைப் பார்த்தார். அசையாத என் உதட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மலர்ச்சி. திருமணமான நாளிலிருந்து தேடிய சாட்சி கிடைத்தவரைப் போல் ஒரு மலர்ச்சி! ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றி என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"பேசுங்க" என்றார்.

அவையோரே! எத்தனை ஆண்டு இல்லறம்! அந்த அம்மையார் என்னைப் பார்த்துப் "பேசுங்க" என்று சொன்னது அன்றுதான் முதல் முறை. என்னால் முடியவில்லை! அடித்தொண்டையிலிருந்து "ஆ... ஈ..." என்று ஏதோ உறுமினேன், இருமினேன். கிண்ணம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அவர் சிரிப்புச் சத்தம்.

"வருதுங்க! வெளிச்சம் வருது! பொடியில எதுவும் இல்ல. எல்லாம் உங்க எச்சில்!"

ஆம், அன்பர்களே! மனித எச்சிலிலும் அந்த அமினோ அமிலம் உண்டு. திறந்த குடுவையின் மேல் நான் பொழிந்த சொற்பொழிவு, சொல்லாக மட்டும் பொழியவில்லை. உலகத்துக்கு ஒளி கொடுக்கப் பிறந்தவன் என்று என்னை நானே நினைத்திருந்தேன். கொடுத்தேன்! ஒரு குடுவைக்குள் கொடுத்தேன்! என் பேச்சில் ஒளி இருக்கிறது என்று எத்தனையோ தலைவர்கள் மேடையில் பாராட்டியதுண்டு. அளந்து நிரூபித்தவர் என் மனைவி ஒருவரே.

ஆனாலும் முடிவு சொல்ல அது போதாதே. வாயை மூடி, கையை மூடி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் புதிதாகக் கரைத்து மறுபடி அளக்க வேண்டும். "இனிமே நான் கரைச்சுக்கறேன். நீங்க வெளியில போய் உக்காருங்க" என்று என்னைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா, பொடியக் கொட்டிடாதீங்க" என்று அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே நீண்ட பெஞ்சில் நான், நடுவில் பொடி டப்பா, அந்தப் பக்கம் தாயும் மகளும். பேச முடியாத ஆளிடம் எல்லாரும் பேசுவார்கள் என்பதை நான் அன்றுதான் கண்டேன். அவர் பேசினார். நான் குறுக்கிடவில்லை. குறுக்கிட வழியும் இல்லை! விடிந்ததும் சோறு நிறுப்பதைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் யாராவது தின்பண்டம் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். பொடி வெந்நீரில் கட்டிகட்டியாகத் திரள்வதையும், ஒவ்வொரு வேளையும் முதல் மடக்கைத் தான் குடித்துக் காட்டுவதையும் சொன்னார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் சார். எங்க அண்ணன் பஸ் டிரைவரு. அவருக்கு இவள்னா உசிரு. ஒண்ணும் வாங்கிக் குடுக்க முடியலயேன்னு அவருக்கு ஒரு ஏக்கம். கடைக்காரர்கிட்ட, சர்க்கரை இல்லாத வைட்டமின் மாத்திரை இருக்கான்னு கேட்டு, பெரிய டப்பாவுல இருந்து கொட்டிப் பொட்டலம் கட்டி வாங்கிட்டு வருவாரு. சப்பிச் சாப்பிடறது. இனிப்பா இருக்கும். சத்துதானேன்னு நானும் விட்டுட்டேன். வரும்போதெல்லாம் பை நிறைய..."

நான் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தேன்! சர்க்கரை இல்லாத இனிப்பு! அப்படி இனிக்க வைக்கச் சேர்க்கும் பொருள்களில் ஒன்றின் உடம்பில் பாதி ஃபீனைல் அலனின்தான். டப்பாவின் மேல் அப்படி எழுதியிருந்தாலும், பொட்டலத்தில் ஏது எழுத்து? நான் வாயைக் காட்டுகிறேன், விரலால் உருண்டை பிடிக்கிறேன், எங்கே எங்கே என்று கையை விரிக்கிறேன். இந்த முறை சிறுமிக்குப் புரிந்துவிட்டது. மூடியிருந்த கையைத் தயங்கித் தயங்கித் திறந்தாள். உள்ளங்கையில் இளஞ்சிவப்பாக, பாதி கரைந்து, பிசுபிசுவென்று ஒரு மாத்திரை.

அதை ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு ஓடினேன். கதவருகே என் துணைவியார் கையை நீட்டி நிறுத்தினார். "முதல்ல மூக்கையும் வாயையும் மூடுங்க!" மூடினேன். அந்த அம்மாவின் பையில் இருந்த பொட்டலத்திலிருந்து, யார் வாயும் படாத மாத்திரை ஒன்றையும் அவர் கேட்டு வாங்கினார். அந்த இனிப்பை உடைக்க வேறொரு நொதி இருக்கிறது. அதில் ஊறவைத்து உடைத்து, பிறகு அளந்தார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். அளவு நாடாவை அந்த அம்மா விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

கதவு திறந்தது.

"பொடி சுத்தம்மா. துளி வெளிச்சம் இல்ல. மாத்திரைதான் ஜொலிக்குது, கருவியே தாங்கல. அத நிறுத்துங்க, பொடியக் குடுங்க. டாக்டருக்கு நான் இப்பவே சொல்றேன்."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். கலக்கிக் கொண்டுவந்திருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, புதிதாகப் பொடி போட்டு, எங்கள் வெந்நீரை வாங்கிக் கலக்கினார். முதல் மடக்கைத் தான் குடித்தார். பிறகு மகளிடம் நீட்டினார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அப்போதுதான் அந்தத் தாய் அழுதார்.

தாயையும் மகளையும் அழைத்துப்போக அந்த மாமனும் வந்து சேர்ந்தார், பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு. சட்டைப் பை புடைத்திருக்கிறது. உள்ளே என்ன என்று சொல்லவும் வேண்டுமா? தங்கை விஷயத்தைச் சொன்னதும், அந்தப் பெரிய உடம்பு அப்படியே பெஞ்சில் சரிந்தது. "நானா குடுத்தேன்? என் கையாலயா குடுத்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சிறுமி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரிஞ்சா குடுத்த மாமா? விடு. அழுதா நல்லாவே இல்ல உனக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டப்பாவைக் கையில் எடுத்தார். "இதுதான் தினமும் குடிக்கிறியா? எங்க, எனக்கும் கொஞ்சம் கலக்கு" என்றார். குடித்தார். முகம் கோணிப்போயிற்று! பஸ்ஸில் எத்தனையோ மேடு பள்ளம் பார்த்த மனிதரால் அந்த ஒரு மடக்கைத் தாண்ட முடியவில்லை. "ஐயோ! இதையா? மூணு வேளையுமா?" என்றார். சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "சாருக்கும் குடு" என்றாள்.

குடித்தேன், அவையோரே! கசப்பும் புளிப்பும் ஏதோ கெட்டுப்போன வாடையும் சேர்ந்து அடைத்த தொண்டையில் இறங்கின. எத்தனை டப்பா இந்தக் கையில் கரைந்திருக்கிறது! எத்தனை குடுவை குலுக்கியிருக்கிறேன்! கோடியில் ஒரு பங்கைக் கூண்டில் ஏற்றிக் குற்றம் சாட்டியவன் நான், ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு குடித்துப் பார்த்ததுண்டா? இல்லை! அந்தத் தாய் மட்டும் ஒவ்வொரு வேளையும் முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த மகள் ஒவ்வொரு வேளையும் குடித்திருக்கிறாள், ஒரு சொல் முறையிடாமல், நேற்றும், இன்றும்; நாளையும் குடிப்பாள், வாழ்நாள் முழுவதும்!

யார் வீரர்? மேடையில் முழங்குபவனா? மூக்கைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்த டம்ளரைக் காட்டும் அந்தப் பிள்ளையா? ஒளியை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. அமிலத்தை அளக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பொறுமையை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது? இருந்தால் சொல்லுங்கள், என் சம்பளத்தைப் போட்டு வாங்குகிறேன்! இல்லை என்றால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், உங்கள் பிள்ளையின் வகுப்பில், இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பாவம் என்று பரிந்து பண்டத்தை நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன குடிக்கிறது என்று கேளுங்கள். ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. மருத்துவர் சிரித்தார் என்று அந்த அம்மா எங்கள் கூடத்துக்கு வந்து சொன்னார். அந்தச் சிறுமி இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்கில் வகுப்பிலேயே முதல் என்கிறார் மாமன். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறாராம்.

என்னம்மா, முன்வரிசை ஓரத்திலிருந்து நிறுத்தச் சொல்கிறீர்களா? நிறுத்திவிட்டேன். பார்த்தீர்களா, செயலாளர் அவர்கள்கூட நிம்மதியாக மூச்சு விடுகிறார்.

இடம் தந்த தலைவருக்கும், ஏற்பாடு செய்த அன்பர்களுக்கும், என் எச்சிலுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலி போட்ட தொண்டர்களுக்கும் நன்றி. இவ்வளவு நேரம் காதைக் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. கொல்லைப்புறக் குழாயடியில், இந்த வேளைக்குரிய பொடியைக் கலக்குவதற்காக இப்போது உங்கள் நடுவிலிருந்து எழுந்து போகிறார்களே, அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வழி விடுங்கள். அவர்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்!